நமக்கென ஒரு கட்டம்

வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று பரந்து கிடக்கும் நம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. பெய்த மழையைக் கண்மாயில் தேக்கி, மடை திறந்து, முறை வைத்துப் பாய்ச்சினால்தான் இங்கே நெல்லின் முகம் பார்க்கலாம். அந்த முறையைக் காப்பவர் நீர்ப்பாய்ச்சி. தென்பாண்டிச் சீமையின் பல ஊர்களில் அப்பணியைப் பரம்பரையாகச் செய்து வந்தவர்கள் நம் மக்களே. எவர் வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால், தமக்கென ஒரு துண்டு நஞ்சை அவர்களிற் பெரும்பாலோர்க்கு இருந்ததில்லை. பிறர் பங்கை அளந்து கொடுத்த மக்களின் பங்கை அளந்து பார்க்க ஆளில்லை.

அரசுப் பணியின் வரலாறும் இத்தகையதே. எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பிறகே அதன் மடைகள் திறந்தன. நம் இளைஞர்கள் அவ்வரலாற்றை அறிய வேண்டும்.

1913ஆம் ஆண்டில், அரசுப் பணிகளை ஆராய வந்த இஸ்லிங்டன் பிரபுவின் குழுவின்முன் சென்னை அரசின் உயர் அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ சாட்சியம் அளித்தார். அவர் மேடைப்பேச்சுப் பேசவில்லை. எண்களை எடுத்து வைத்தார். 140 டிப்டி கலெக்டர்களில் 77 பேர் பிராமணர். 30 பேர் பிராமணரல்லாத இந்துக்கள். 128 ஜில்லா முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர். 25 பேர் பிராமணரல்லாத இந்துக்கள். எஞ்சியோர் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஐரோப்பியர் முதலானோர். மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவரான ஒரு வகுப்பார் பதவிகளிற் பாதிக்கும் மேல் பெற்றிருந்ததை இந்த எண்கள் வெளிச்சமிட்டுக் காட்டின. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை இவற்றையே ஆயுதமாக ஏந்தியது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததும், 1921ஆம் ஆண்டு அரசாணை, புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்டோரின் வகுப்புவாரிக் கணக்கை அரையாண்டுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டுமென அலுவலகங்களுக்குக் கட்டளையிட்டது.

அன்பர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அக்கணக்கில் ஆறு கட்டங்கள் இருந்தன: பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறிஸ்தவர், முகமதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், மற்றவர். இவற்றில் நாம் எங்கே? நமக்கெனத் தனிக் கட்டம் இல்லை. கட்டம் இல்லையேல் எண் இல்லை. எண் இல்லையேல் குறை இல்லை என்றே எந்த அதிகாரியும் எழுதி விடலாம். நம் மக்களின் பங்குக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்த எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டே வெளியேறினார்.

1927 நவம்பரில் வெளியான வகுப்புரிமை அரசாணையே அக்குறையைக் களைந்தது. பன்னிரண்டு இடங்கள் ஓர் அலகு. அதில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1. அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில் 1928இல் இது நடைமுறைக்கு வந்தது. மாகாண மக்களில் ஆறேழு பேருக்கு ஒருவராக இருந்த நமக்குப் பன்னிரண்டில் ஒன்று நியாயமான பங்கன்று. எனினும் நமக்கென ஒரு கட்டம் பிறந்தது.

மத்திய அரசில் அதே பணியைச் செய்தவர் அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரான அவர், 1942 அக்டோபரில் நம் மக்களின் குறைகளைத் தொகுத்து ஒரு விண்ணப்பம் அளித்தார். ஐ.சி.எஸ். அதிகாரிகள் 1,056 பேரில் தாழ்த்தப்பட்டவர் ஒரே ஒருவர் என்று அதில் காட்டினார். மறு ஆண்டே மத்தியப் பணிகளில் 8⅓ விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒன்று, ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12½ விழுக்காடாக உயர்ந்தது.

சென்னையில் 1947ஆம் ஆண்டு ஆணை, 14 இடங்களில் 2 இடங்களை நமக்களித்தது. அதன் பின்னர் ஜில்லா முன்சீப் பதவிகள் 83 நிரப்பப்பட இருந்தபோது, 19 இடங்கள் நம்மவர்க்கென வகுக்கப்பட்டன. வெங்கட்ரமணா என்பார் தொடுத்த வழக்கில், 1951இல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரிப் பங்கீட்டைச் செல்லாதென்றது. ஆனால் நமக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் உரிய ஒதுக்கீட்டை ஏற்றது. 1913இல் நமக்குக் கட்டமே இல்லாதிருந்த அதே முன்சீப் பதவி இது!

ஆயினும், மொத்தக் கணக்கு ஏமாற்றும் என்பதையும் நாம் அறிதல் வேண்டும். 1965ஆம் ஆண்டு மத்திய அரசுப் பணியில் தாழ்த்தப்பட்டோர் கடைநிலையான நான்காம் பிரிவில் 17.75 விழுக்காடு, முதற்பிரிவிலோ 1.64 விழுக்காடே. துடைப்பம் ஏந்தியவரையும் கோப்பில் கையொப்பமிடுபவரையும் ஒன்றாகக் கூட்டினால் நிறைவாகத் தோன்றும். படிவாரியாகப் பிரித்தால் உண்மை தெரியும். அவ்வாறு பிரித்துக் காட்டிய ஆண்டறிக்கைகளும், இனச்சுழற்சிப் பதிவேடும், ஓயாத கிளர்ச்சியும் சேர்ந்தே 1995இல் முதற்பிரிவின் பங்கைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கொண்டு வந்தன. பதவி உயர்வில் ஒதுக்கீடு வேண்டுமாயின் புள்ளிவிவரத்தோடு வருக என்று 2006இல் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது.

இன்னுமொரு கசப்பான உண்மையும் உண்டு. நம் கட்டத்துக்குள்ளேயும் சிலர் மறைந்து கிடந்தனர். நீதியரசர் ஜனார்த்தனம் குழுவின் ஆய்வுக்குப் பின், 2009இல் தமிழகத்தில் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தனியே வகுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. இதில் மனம் வருந்துவோர் நம்மிடையே உண்டு. நமக்கெனத் தனிக் கட்டமின்றி நாம் பட்ட வேதனையை எண்ணிப் பார்ப்போர்க்கு, நம்மினும் பின்தங்கிய உடன்பிறப்பு தனக்கொரு கட்டம் கேட்பது குற்றமாகத் தோன்றாது.

இளைஞர்களே! மனுவில் 'நாங்கள் புறக்கணிக்கப்படுகிறோம்' என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கலாம். இத்தனை இடங்கள், இத்தனை பேர், இத்தனை காலி என்று எழுதினால் விடை சொல்லியாக வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கான சாவியை உங்கள் கையில் கொடுத்துள்ளது. அலுவலகத்தைக் கேட்கும் முன் நம் தெருக்களையும் எண்ணுங்கள்: படித்தோர் எத்தனை பேர், இடையில் நின்றோர் எத்தனை பேர், அவர்களிற் பெண்கள் எத்தனை பேர்? வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அத்தகைய பதிவேடு ஒன்றைத் தொடங்கிப் பேணுமாயின், பொன்விழா மலர் எழுதுவோர்க்கு அதைவிடப் பெரிய செல்வம் வேறில்லை.

மடையில் நீரளந்த கைகள் நம் முன்னோருடையவை. அக்கைகளின் வழிவந்த நாம் நமக்குரிய பங்கையும் அளந்து கேட்போமாக!