வெப்பமண்டலச் செடிகளின் குளிர்காலப் பராமரிப்பு

உறைபனி விழும் நாடுகளில் வாழை, முருங்கை, கறிவேப்பிலை முதலியவற்றை வசந்தம்வரை உயிரோடு காக்கும் தோட்டக்கலை முறை. விருதுநகர், சிவகாசி வட்டாரங்களில் உறைபனி கிடையாது. அங்கே இவை ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நிற்கும், வறட்சிதான் சோதனை. டொராண்டோ போன்ற நகரங்களில் வாழும் தமிழர்களுக்கோ இப்பராமரிப்பு இன்றியமையாதது.

காரணம்: திசுக்களிலுள்ள நீர் உறைந்து பனிப்படிகமாகும்போது செல்கள் சிதைகின்றன.

முறைகள்: கறிவேப்பிலைத் தொட்டியை, இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமுன் வெயில் படும் சன்னலோரம் வைக்க வேண்டும். நீரைக் குறைத்து, உரத்தை நிறுத்த வேண்டும். இலை உதிர்ந்தாலும் தண்டு பச்சையாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும். செதில்பூச்சி, சிலந்திப்பேன் தாக்குகின்றனவா என்று கவனிக்க வேண்டும். பெரிய வாழையை இலை நறுக்கி, கிழங்கோடு அகழ்ந்து, உறையாத நிலவறையில் ஏறக்குறைய உலர்ந்த நிலையில் வைக்கலாம்.

தமிழகத்தில்: 1848இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடிக் காக்கின்றனர்.

வெளியேற்றம்: கடைசி உறைபனி கழிந்தபின், முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலுமாகச் செடிகளைப் படிப்படியாகப் பழக்க வேண்டும், நேரடி வெயில் இலைகளைக் கருக்கிவிடும்.