ஜனாதிபதிக்குக் கிடைக்காத மாத்திரை!

1945, ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்கிற சின்ன ஊர். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாற்காலியில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு பெண் ஓவியர் அவரைப் படமாக வரைந்துகொண்டிருக்கிறார். மதியம் சுமார் ஒரு மணி. பின்மண்டையில் பயங்கர வலி என்றார் ஜனாதிபதி. அப்படியே சரிந்தார். டாக்டர் பார்த்தபோது பி.பி. 300/190-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு. சுமார் இரண்டரை மணி நேரத்தில் கதை முடிந்தது. வயது 63.

முன்கூட்டியே தெரியாதா என்கிறீர்களா? தெரியும்! 1944 மார்ச்சிலேயே இதய நிபுணர் ஹோவர்ட் புரூயென் 186/108 என்று குறித்து வைத்துவிட்டார். தெரிந்து என்ன செய்ய? உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை, ஓய்வெடு, இதயத்துக்கு டிஜிடாலிஸ் சாப்பிடு... பி.பி.யை அடக்க நம்பகமான மாத்திரை அன்றைக்கு உலகத்திலேயே இல்லை. அணுகுண்டு தயாரிக்க உத்தரவிட்டவருக்கே இல்லை!

போதாக்குறைக்கு, 'வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும், குறைச்சாத்தான் ஆபத்து' என்று நம்பிய டாக்டர்களும் அப்போது இருந்தார்கள்.

1958-ல் குளோரோதயாசைடு வந்தது. உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீரோடு வெளியேற்றும் மாத்திரை. சரி, பி.பி. எக்கச்சக்கமாக இருந்தால் மருந்து தேவைதான். கொஞ்சமாக, நடுத்தரமாக இருந்தால்? எட்வர்ட் ஃபிரைஸ் என்ற அமெரிக்க டாக்டர், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார். கீழ் எண் 90-லிருந்து 114 வரை இருந்த 380 ஆண்கள். ஒரு பாதிக்கு நிஜ மாத்திரை, மறு பாதிக்குப் போலி. 1970-ல் முடிவு வெளியானது. பக்கவாதம் வந்தவர்கள், போலி மாத்திரைக்காரர்களில் 20 பேர். நிஜ மாத்திரைக்காரர்களில் ஐந்தே பேர்!

ஆனால் அந்த மருந்துகளை நாளுக்கு இரண்டு, மூன்று வேளை விழுங்க வேண்டும். உடம்பில் ஒரு வலியும் இல்லாதவன் எத்தனை நாள் விழுங்குவான்? அதனால்தான் 'தினம் ஒண்ணு' மாத்திரைகளுக்கு மவுசு. 1991-ல் இன்னொரு அமெரிக்க ஆய்வு வெளியானது. 60 வயது தாண்டிய, மேல் எண் மட்டும் எகிறியிருந்தவர்களுக்குத் தினம் ஒருவேளை குளோர்தாலிடோனில் ஆரம்பித்து, தேவைப்பட்டவர்களுக்கு இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். பக்கவாதம் 36 சதவிகிதம் குறைந்தது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. 'எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே' என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டீர்களா? டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அன்றைக்கு மதியம் வரை ரூஸ்வெல்ட்டும் சாவகாசமாகக் காகிதம் புரட்டிக்கொண்டுதான் இருந்தார்.