யாழ்ப்பாணத்துக் கூட்டுடைமை வீடுகளும் குடும்பப் பிணக்குகளும்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டுரிமை தொடர்பாக உடன்பிறந்தோரிடையே எழும் பிணக்குகளைத் தனிமனிதரின் பேராசையாலோ பாசக் குறைவாலோ விளைந்தனவாகக் கொள்வது நம்மிடையே பெருவழக்கு. ஆயின், யாழ்ப்பாணச் சமூகத்தின் சொத்துரிமை வரலாற்றை நோக்குமிடத்து, உறவின்முறையை ஆதாரமாகக் கொண்ட உடைமை முறையும் நிலத்தை விற்பனைப் பண்டமாகக் கொள்ளும் முறையும் மோதுகின்ற களமாகவே கூட்டுடைமை வீடு அமைந்துள்ளமை புலனாகும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்து, பன்னிரு முதலிமார் பார்வையிட்டு ஏற்ற தேசவழமை, சொத்தினை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. பழைய வழமைப்படி தந்தையின் முதுசொம் ஆண்மக்களையும் தாயின் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்தது. பங்கை விற்க விழைபவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். அந்நியர் வளவினுட் புகாது தடுப்பதே இதன் உட்பொருள் எனலாம். பங்கு என்பது இங்கு விலைமதிப்பு மட்டுமன்று. உறவினுள் ஒருவருக்குள்ள இடமுமாகும்.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் இவ்வழமைக்குச் சட்டவலு அளித்தனர். ஆயினும், 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம், பங்காளர் ஒருவர் விரும்பினும் சொத்தைப் பிரிக்கவோ விற்கவோ கோரி வழக்கிட வழிவகுத்தது. தோட்டக்காணியைப் பரப்புக் கணக்கில் அளந்து பிரிக்கலாம். நாற்சார் வீட்டையும் பொதுக் கிணற்றையும் அவ்வாறு பிரித்தல் அரிது. எனவே வழக்கு விற்பனையில் முடியுமிடத்து, கையில் பணமுள்ளவரே வீட்டைப் பெறுவர். முதலில் வாங்கும் உரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தாற் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டுப்படுத்தப்பட்டது. அவ்வுரிமையும் வாங்கும் வசதியற்றவருக்குப் பயன்தராது.

கொறயா எதிர் இசெரிஸ் அப்புகாமி வழக்கில் 1911இல் கோமறைக் கழகம் அளித்த தீர்ப்பும் நோக்கற்பாலது. பங்காளர் ஒருவரின் ஆட்சி ஏனையோருக்குமான ஆட்சியே என்பதும், அவர்களை வெளிப்படையாக விலக்கினாலன்றிக் காலக்கழிவால் மட்டும் தனியுரிமை பிறவாது என்பதும் நாடெங்கும் பொருந்தும் நெறியாயின. 1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்திற் புலம்பெயர்ந்தோரின் பங்கினை இந்நெறி காக்கின்றது, இது நியாயமே. ஆனால், பெற்றோரைப் பராமரித்து, ஓடு மாற்றி, வேலியடைத்து வீட்டைக் காத்து நின்ற சகோதரியின் உழைப்பு அவள் பங்கினைப் பெருக்குவதில்லை. அற்றோணித் தத்துவத்துடன் வரும் உறவினர் விற்பனை கோரும்போது அவள் நிர்க்கதியாகின்றாள். மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டம் விதித்தமையும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது.

ஆகவே, இப்பிணக்குகளுக்கு அறவுரை மட்டும் தீர்வாகாது. பிறப்பால் வந்த பங்கினைத் துல்லியமாகக் கணக்கிடும் சட்டம், வீட்டை வீடாக நிலைநிறுத்திய உழைப்பினையும், அதில் வாழ்பவரின் தேவையினையும் கணக்கிற் கொள்ளும்போதே கூட்டுடைமை நீதியுடைமையாகும்.