துண்டு யார் கையில்?

இலங்கையின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய காலத்தில், ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகத் 'துண்டு' வேண்டும். இன்ன கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தொரை, அதாவது தோட்ட அதிகாரி, எழுதித்தரும் சீட்டு அது. அந்த ஆட்களின் கையில் அது இருந்ததில்லை. ஆட்களைத் திரட்டி மேய்த்த பெரிய கங்காணியின் மடியில் இருந்தது. புதுத் தோட்டம் கடனை அடைத்து ஆட்களை எடுக்கும். அடைத்த பணம் மறுபடி அவர்கள் தலையில் ஏறும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்களுக்கு அடையாளமாகத் தகர டிக்கட் வந்தது. அந்த வில்லையைப் பார்த்தால் தோட்டம் தெரியும். ஆளின் பெயர் தெரியாது.

துண்டு கடன்சீட்டுத்தானே, அடையாளச் சான்றா என்று கேட்கலாம். இன்றைய வங்கிக் கடவுச்சொல்லும் ஆளின் பெயரைச் சொல்வதில்லை. இதைச் செய்ய உரிமை உண்டு என்று மட்டும் சொல்கிறது. அந்த உரிமை யார் கையில் என்பதே இரண்டிலும் கேள்வி. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டங்களின் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் மிச்சம் தொடர்ந்தது. பழைய தேசிய அடையாள அட்டை எண்ணின் முடிவில் 'வீ' இருந்தால் வாக்குரிமை உண்டு, 'எக்ஸ்' இருந்தால் இல்லை. ஓர் எழுத்துக்குள் எவ்வளவு!

ஆகவே வங்கிச் செயலிக்கு நுழைவு முறை தேடுவோர், பூட்டின் பலத்துக்கு முன் சாவியின் இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். வேறொரு செயலி வங்கிக் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கினால், அது துண்டை மடியில் முடிந்த கங்காணிதான். 'ஓஆத்' முறை ஆளை வங்கியின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே அவர் ஒப்பியபின், இன்ன வேலைக்கு மட்டும் என்ற அனுமதி செயலிக்குக் கிடைக்கிறது. அதை அவர் பிறகு ரத்துச் செய்யவும் முடியும். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண் எளிது. ஆனால் தோட்டக் குடியிருப்பான லயத்தில் ஒரு வீடே ஒரு கைப்பேசியைப் பகிர்ந்தால் எண்ணும் வீட்டுக்கே பொதுவாகிவிடும். விரல்ரேகை என்றால், கைவேலையில் ரேகை தேய்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எழுத்தறியாதவர் துணையின்றி இதையெல்லாம் செய்வாரா என்பது நியாயமான மறுப்பு. செய்ய முடியாதுதான். அப்படியானால் துணைக்கு வருபவருக்கும் அவருடைய சொந்தப் பெயரிலேயே வங்கி தனி நுழைவு கொடுக்கட்டும்: மீதியைப் பார்க்கலாம், பணத்தை அனுப்பக் கணக்குக்காரரின் சம்மதம் வேண்டும்.