பாத்டப்பை எடுத்துட்டு ஷவர் வைக்கப் போறீங்களா? முதல்ல தரைக்கு அடியில பாருங்க!

வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. சொந்த வீடு கள்ளக்குறிச்சியில. பொங்கலுக்குப் போனப்போதான் கவனிக்கிறீங்க, பாத்டப் விளிம்பைத் தாண்டி கால் வைக்க அம்மா சுவரைப் பிடிச்சுக்கிறாங்க. 'டப்பை எடுத்துட்டு, தரை மட்டத்துல ஷவர் போட்டுடலாம்'னு முடிவு பண்றீங்க. நல்ல முடிவுதான். ஆனா, பழைய வடிகால் பைப்பை அப்படியே விட்டுட்டுப் புது டைல்ஸ் ஒட்டினா, சில மாசத்துலயே அதை உடைக்க வேண்டி வரலாம்.

நம்ம பக்கம் டப் இருக்குற வீடுகள் குறைவுதான். மூலையில சிமென்ட் தண்ணித்தொட்டி கட்டின பாத்ரூம்தான் அதிகம். அந்தத் தொட்டியை இடிக்கிறவங்களுக்கும் இதே கதைதான்.

டப்ல தெரியாத பிரச்னை, ஷவர்ல ஏன் தெரியுது?

டப்ல தண்ணி மெதுவா வடிஞ்சாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. தண்ணி டப்புக்குள்ளேயே நிற்கும். ஷவர்ல நிமிஷத்துக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணி நேரா தரையில விழுது. பைப் பாதி அடைச்சிருந்தா, சோப்புத் தண்ணி காலடியில தேங்கும். வயசானவங்க வழுக்கி விழ அது போதும்.

வாங்குறதுக்கு முன்னாடி பக்கெட் டெஸ்ட்

20 லிட்டர் தண்ணியை ரெண்டு நிமிஷத்துல சீரா வடிகால்ல ஊத்துங்க. தேங்காம இறங்கினா ஓரளவு நிம்மதி. 'களக் களக்'னு சத்தத்தோட மேல ஏறினா பைப்பைப் பார்த்தே ஆகணும்.

பழைய பைப் எந்த ரகம்?

* வார்ப்பிரும்பு: உள்பக்கம் துருப்பிடிச்சு, வழி சுருங்கிப் போகும்.
* மண் பைப்: சிமென்ட் பூசின இணைப்புகள் விரிசல் விடும். அது வழியா மர வேர் உள்ளே நுழையும்.
* ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்: கட்டிங் மெஷினால அறுக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணி ஊத்தி ஈரமாக்கி, மாஸ்க் போட்டு, முழுசா கழற்றி எடுக்கச் சொல்லுங்க.

புதுசா போடும்போது கவனிக்க...

1. கழிவுநீருக்கு எஸ்.டபிள்யூ.ஆர் பிவிசி பைப் கேளுங்க. பைப் மேல ஐ.எஸ். 13592, 'டைப் பி'னு அச்சிட்டிருக்கணும். 'டைப் ஏ' மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும்தான். ஷவருக்கு 75 மி.மீ அளவு போடலாம்.

2. வாட்டம்தான் உயிர். 75 மி.மீ பைப்புக்கு 10 அடி நீளத்துக்கு 3 அங்குலம் இறக்கம் வேணும். மண் மூடுறதுக்கு முன்னாடி கொத்தனாரை டியூப் லெவல் வச்சுக் காட்டச் சொல்லுங்க. தரைக்கு, ஓர் அடிக்கு கால் அங்குலம் போதும்.

3. நாணி டிராப்ல 50 மி.மீ ஆழத்துக்குத் தண்ணி நிற்கணும். நாத்தத்தையும் கரப்பானையும் தடுக்கிறது அந்தத் தண்ணிதான். பூட்டிக் கிடக்கிற வீடுன்னா அது வத்திடும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவி கொடுத்து, வாரம் ஒரு தடவை ஒரு பக்கெட் தண்ணி ஊத்தச் சொல்லுங்க.

4. ஒரே 90 டிகிரி வளைவுக்குப் பதிலா ரெண்டு 45 டிகிரி வளைவு போடுங்க. திருப்பத்துல டோர் பெண்ட் வச்சா, நாளைக்கு அடைச்சாலும் தரையை உடைக்காம சுத்தம் பண்ணலாம்.

டைல்ஸுக்கு முன்னாடி ஒரு நாள் பொறுங்க

வாட்டர் புரூஃபிங் பூசிக் காய்ஞ்சதும் வடிகாலை அடைச்சு, தரையில தண்ணி நிறுத்துங்க. மட்டத்தைச் சுவர்ல பென்சிலால குறிச்சு 24 மணி நேரம் விடுங்க. மட்டம் நல்லா இறங்கினாலோ, கீழ்வீட்டுக் கூரையில ஈரம் தெரிஞ்சாலோ கசிவு இருக்குன்னு அர்த்தம். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீங்க!

கல்வராயன் மலையில வீடா?

வெள்ளிமலை மாதிரி மலை ஊர்கள்ல சரிவு தாராளமா கிடைக்கும். ஆனா பாறை மேல உறிஞ்சுகுழி வெட்டினா தண்ணி இறங்காது. மண் ஆழமா இருக்குற இடத்தைத் தோண்டிப் பார்த்து முடிவு பண்ணுங்க. குளியல் தண்ணியை செப்டிக் டேங்குல சேர்க்காம, வாழைக்குத் திருப்பி விடலாம். ஓடையில மட்டும் விடாதீங்க. கோமுகி ஆறு பிறக்கிறதே இந்த மலையிலதான்.

கடைசியா ஒண்ணு. பள்ளத்தை மூடுறதுக்கு முன்னாடி, பக்கத்துல டேப் விரிச்சு வச்சு பைப் போற வழியை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பத்து வருஷம் கழிச்சு எங்க உடைக்கணும்னு அந்தப் போட்டோ சொல்லும்.