வட்டியும் அக்கறையும்

ஆங்கிலத்தில் 'இன்டரெஸ்ட்' என்றொரு சொல் உண்டு. கடன் கொடுத்தவன் பெறும் வட்டிக்கு அதுவே பெயர். ஒன்றை அறிய விழையும் ஆர்வத்திற்கும், பிறர் நலத்தில் கொள்ளும் அக்கறைக்கும் அதுவே பெயர். தமிழில் மூன்று சொற்கள் தனித்தனியே நிற்க, ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று பொருளையும் சுமப்பது எங்ஙனம்? இவ்வினாவை ஆராய்வோர் சிங்கப்பூரின் வடமேற்கிலுள்ள சுவா சூ காங் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் நன்று.

இச்சொல்லின் மூலம் இலத்தீன். 'இடையே இருத்தல்' என்பது அதன் முதற்பொருள். 'வேறுபாடு உண்டாக்குதல்', 'ஒருவரைச் சார்தல்' என்பன வழிப்பொருள்கள். இடைக்கால ஐரோப்பாவில் கிறித்துவத் திருச்சபை வட்டி வாங்குதலைப் பாவமென விலக்கிற்று. ஆயினும், உரிய நாளில் கடன் திரும்பாமையால் நேர்ந்த இழப்புக்கு ஈடு பெறலாமெனச் சட்ட அறிஞர் கொண்டனர். அவ்வீட்டுத் தொகைக்கு இப்பெயர் வழங்கியது. நாளடைவில் வட்டியே அப்பெயரைப் போர்த்துக்கொண்டது. மற்றொருபுறம், சொத்திலோ தொழிலிலோ ஒருவனுக்குள்ள பங்கையும் இச்சொல் சுட்டியது. பங்குள்ளவன் கவனிப்பான் அன்றோ? அக்கவனிப்பே 18ஆம் நூற்றாண்டில் ஆர்வமென்னும் பொருளாக விரிந்தது.

தமிழ் வழக்கு வேறு. சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். பொலிதல் பெருகுதல் ஆகும். தஞ்சைப் பெரிய கோயிலின் பணம் ஊர்ச்சபைகளிடம் வைக்கப்பட்டபோது, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12½, பொலிசையாக விதிக்கப்பட்டது. 'வட்டி' என்பதும் வளர்ச்சியைக் குறிக்கும் 'விருத்தி' என்னும் வடசொல் பாகதத்தின் வழியே திரிந்து வந்ததே. இலத்தீன் வழக்கு இழப்பை நோக்கிற்று. நம் வழக்கு பெருக்கத்தை நோக்கிற்று. 'அக்கறை'யோ இவ்விரண்டினும் வேறு. தெலுங்கில் 'அக்கர' என்றால் தேவை. றகரத்தை விடுத்து ரகரம் எழுதும் மாணாக்கர் அக்கறையை எதிர்க்கரையாக்கி விடுகின்றனர்!

இனி, சுவா சூ காங். 'சுவா' சீனக் குடும்பப் பெயர், 'சூ' வீடு, 'காங்' ஆற்றுத்துறை. 19ஆம் நூற்றாண்டில் தியோச்சூச் சீனர் ஆற்றோரக் காட்டைத் திருத்திக் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். காம்பியர், வெற்றிலையுடன் மெல்லும் காசுக்கட்டிக்கு இனமானது. தோல் பதனிடவும் உதவியது. நகரத்து வணிகர் அரிசியும் முன்பணமும் கொடுத்து, விளைச்சலைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டனர். நகரிலே மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில், பெட்டியடியில் அமர்ந்து நாட்டுக்கோட்டை நகரத்தாரும் கடன் தொழில் நடத்தினர்.

தோட்டத்தின்மீது வணிகனுக்கு 'இன்டரெஸ்ட்' இருந்தது. அது மண்ணின்மீது கொண்ட அக்கறையாயிற்றா? இல்லை. காம்பியர் இலையைக் காய்ச்ச விறகுக்காகக் காடு அழிந்தது. ஏறக்குறைய 15 முதல் 20 ஆண்டுகளில் மண் சத்திழந்தது. தோட்டங்கள் கைவிடப்பட, லாலாங் புல் மண்டியது. 1840கள் முதல் பயிரிடுவோர் பலர் ஜொகூருக்குப் பெயர்ந்தனர். பின்னர் இவ்வட்டாரத்தில் அன்னாசியும் ரப்பரும் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990இல் ரயில் நிலையமும் திறக்கப்பட்டது.

ஆங்கிலம் பயில்வோர் மற்றொரு வேறுபாட்டையும் கருதுதல் வேண்டும். 'டிஸ்இன்டரெஸ்டட்' என்பான் தன்னலப் பங்கு இல்லாத நடுநிலையாளன். 'அன்இன்டரெஸ்டட்' என்பான் ஆர்வமே இல்லாதவன். 17ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டும் பொருள் மாறி வழங்கியதுண்டு. இன்றும் பலர் மயங்குகின்றனர். வழக்கைத் தீர்ப்பவன் முன்னவனாக இருத்தல் வேண்டும். பின்னவனாக இருப்பின் நீதி கெடும். பங்கு இல்லாமலும் அக்கறை இருக்கலாம் என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன. பங்கு இருந்தும் அக்கறை இல்லாது போகலாம் என்பதைச் சுவா சூ காங் மண் உணர்த்துகின்றது.