கட்டையில் இழுத்த தோல்

பாஸ்டனுக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது லின். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஷூதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு கொட்டகை. அதற்குள் நாலைந்து பேர் உட்கார்ந்து தோலை வெட்டுவார்கள், தைப்பார்கள், ஆணி அடிப்பார்கள். வீட்டுப் பெண்கள் மேல்தோலைத் தைத்துக் கொடுப்பார்கள்.

1850களில் தையல் இயந்திரம் வந்தது. 1858இல் லைமன் பிளேக் என்பவர் அடித்தோலைத் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கொட்டகைகள் போய் ஆலைகள் எழுந்தன.

ஒரே ஒரு வேலை மட்டும் எந்த இயந்திரத்துக்கும் பிடிபடவில்லை. தைத்த மேல்தோலைக் கால் வடிவ மரக்கட்டைமேல் போர்த்தி, குறடால் இறுக்கி இழுத்து, விரல் நுனியிலும் குதிகாலிலும் சின்னச் சின்னக் கொசுவமாக மடித்து, உள் அட்டையோடு ஆணியடித்துப் பொருத்த வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் ஷூ தொளதொளவென்று ஆகிவிடும். அதிகம் இழுத்தால் தோல் கிழியும். கைதேர்ந்தவர்கூட ஒரு நாளில் ஏறக்குறைய 50 ஜோடிதான் முடிப்பார். மற்ற பிரிவுகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரக்கு இங்கே வந்து தேங்கியது. அந்தத் தொழிலாளர்களுக்குச் சங்கமும் பலமாக இருந்தது, கூலியும் நன்றாகக் கிடைத்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். 1852இல் தென் அமெரிக்காவின் டச்சுக் காலனியான சுரினாமில் பிறந்தவர். தந்தை டச்சுப் பொறியாளர். தாய் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண். கப்பலில் வேலை பார்த்து அமெரிக்கா வந்து, 1877 வாக்கில் லின்னை அடைந்தார். பகலில் ஆலையில் அடித்தோல் தைக்கும் இயந்திரத்தை ஓட்டினார். கட்டையில் தோல் இழுப்பவர்களின் கைகள் எப்படித் திரும்புகின்றன, எங்கே அழுத்துகின்றன என்று கவனித்தார். இரவில் சுருட்டுப் பெட்டிப் பலகை, கம்பி என்று கிடைத்ததை வைத்து மாதிரி செய்தார். அதற்கு ஒருவர் 50 டாலர் தர முன்வந்தும் மாட்செலிகர் அதை விற்கவில்லை. கையில் காசில்லாததால், பணம் போட்ட இருவருக்கு உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை எழுதிக் கொடுத்தார்.

அவர் அனுப்பிய வரைபடங்கள் காப்புரிமை அலுவலகத்துக்குப் புரியவில்லை. நேரில் பார்த்துவர ஓர் அதிகாரியை லின்னுக்கே அனுப்பினார்கள். 1883 மார்ச் 20 அன்று காப்புரிமை கிடைத்தது. இயந்திரம் மெருகேறிய பிறகு நாளொன்றுக்கு 150 முதல் 700 ஜோடிவரை முடித்தது. ஷூ விலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்து, சாதாரணக் கூலிக்காரருக்கும் எட்டியது.

மாட்செலிகர் அந்தப் பலனை அதிக நாள் பார்க்கவில்லை. காசநோயால் 1889இல், 36 வயதில் இறந்தார். கறுப்பர் என்று வேறு தேவாலயங்கள் ஒதுக்கியபோது தன்னைச் சேர்த்துக்கொண்ட லின் தேவாலயத்துக்குத் தன் பங்குகளை எழுதிவைத்திருந்தார். 1899இல் யுனைடெட் ஷூ மெஷினரி என்ற பெருநிறுவனம் உருவாகி, ஷூ இயந்திரத் தொழிலைக் கைக்குள் கொண்டுவந்தது. 1991இல்தான் அமெரிக்கா மாட்செலிகருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளில் இன்று மேல்தோலைக் கட்டையில் இழுத்துப் பொருத்தும் இயந்திரங்களும் அவர் தொடங்கிவைத்த வழியில் வந்தவையே. ஷூ தொழில் கற்றுத்தரும் ஒவ்வொரு வகுப்பிலும் அவர் பெயர் சொல்லப்பட வேண்டும்.